கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார்

புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் சென்னியப்பனின் கார், தான் அந்தக் காரே இல்லை என்று சொல்லிவிட்டது.

அவர் எப்போதும்போல நெற்றியில் திருநீறு பூசி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுப் பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பவில்லை. செய்தி வாசிக்கும் குரலில் பேசியது.

"வணக்கம். இந்த எண்ணுக்கு உரிய வண்டியின் நிறம் கத்தரிப்பூ. தாங்கள் அமர்ந்திருப்பது சிவப்பு வண்டி. எனவே இது அந்த வண்டி அல்ல. தயவுசெய்து இறங்கவும்."

"அட, நீதான் அந்த வண்டி!"

"திருட்டு வண்டியில் ஏறுபவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். இறங்கவும்."

சென்னியப்பன் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சிவப்பு. முன்னால் சிவப்பு, பின்னால் சிவப்பு. குனிந்து அடியில் பார்த்தார், அங்கே சேறு. கத்தரிப்பூவைக் காணோம்.

போனை எடுத்து வண்டியின் பழைய படங்களைத் திறந்தார். பழனிக்குப் போனபோது எடுத்தது, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி எடுத்தது, மழையில் நனைந்தபோது சும்மா எடுத்தது என்று நூறு படமாவது இருக்கும். அத்தனையிலும் வண்டி சந்தைக்குப் போகிற கத்தரிப்பூப் போலப் பளபளவென்று நின்றது. சரி, இப்போது ஒன்று எடுப்போம் என்று எடுத்தார். சொடுக்கிய நொடி சிவப்பாகத் தெரிந்த வண்டி, அவர் கண்ணெதிரிலேயே திரையில் கத்தரிப்பூவாக மாறியது.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் ஊர்சாட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலிப் படங்கள் பெருகி, எது நிஜம் என்று நீதிபதிகளே தலையைச் சொறிந்த காலத்தில் வந்த ஏற்பாடு அது. நாட்டில் எடுக்கப்படும் எல்லாப் படங்களும் ஓரிடத்தில் கூடி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். பெரும்பான்மை சொல்வது உண்மை. ஒத்துப்போகாத படத்தை ஊர்சாட்சி தானே திருத்திவிடும். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் மனிதர்களுக்குச் சொன்னதை அரசாங்கம் படங்களுக்குச் சொல்லிவிட்டது. சாலைக் காமிராக்களும் கார்களும் அதைக் கேட்டுத்தான் நடந்தன.

சாதாரண நாளாக இருந்தால் சென்னியப்பன் பஸ்ஸில் போயிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திருச்செங்கோட்டில் அவர் மகன் பிரணவுக்கு நிச்சயதார்த்தம். போலி வண்டி வைத்திருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஊர்சாட்சி ஒரு மஞ்சள் முக்கோணம் போடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். பெண்ணின் அப்பா அர்த்தநாரி, வரப்போகிற சம்பந்தியின் பெயரை ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்ப்பவர்.

எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது.

"ஏனுங்க, உங்க பேருக்குப் பக்கத்துல என்னமோ முக்கோணமாட்டத் தெரியுதுங்களே?"

நேற்றுவரை வாய் நிறையச் சம்பந்தி என்றவர், இன்று ஏனுங்க என்றார். சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது.

"மெஷின் கோளாறுங்க. வண்டி செவப்புதான். என்ற கண்ணால பாத்துட்டுத்தான் நிக்கறனுங்க."

"உங்க கண்ணைச் சொல்றீங்க. ஊர் வேற சொல்லுதுங்களே. வண்டி கலர்லயே ரெண்டு பேச்சுன்னா, மத்ததெல்லாம் எப்படீங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள அந்த முக்கோணத்தை எடுத்துருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம் என்றால் கொங்கு நாட்டில் அப்புறம் பேச மாட்டோம் என்று அர்த்தம்.

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் கோகிலா ஸ்டுடியோ வைத்திருந்தாள். படத்தைத் திருத்துவதற்கு அரசு உரிமம் பெற்றவள். அவள் முத்திரை வைத்த படத்துக்கு ஊர்சாட்சியிடம் தனி மரியாதை உண்டு. பெண் வீட்டுக்குக் கொடுத்த மாப்பிள்ளைப் படம் அவள் போட்டதுதான். பிரணவ் காரில் சாய்ந்துகொண்டு, கூச்சத்தில் பாதிச் சிரிப்போடு நிற்கும் படம்.

கோகிலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, அந்த பிரிண்டு நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுனது யாருங்?"

"இதென்ன கேள்வி அம்மிணி? நல்ல காரியத்துக்குப் போற காயிதம். மஞ்சத் தடவாம எப்படிக் குடுக்கறது? மகுடுதான் தடவுனா."

மகுடு என்பது அவர் மனைவி மகுடேஸ்வரி.

"அங்கதானுங்க்ணா வெனை. பொண்ணு வீட்டுல அதை அவங்க மெஷின்ல காட்டியிருக்காங்க. பிரிண்டோட ஓரத்தை வெள்ளைன்னு வெச்சுக்கிட்டுத்தான் மெஷின் மத்த கலரைப் பாக்கும். ஓரமே மஞ்சளா இருந்துதா, படம் பூராவும் மஞ்சள் ஏறிப்போச்சுன்னு நெனச்சுக்குச்சு. அந்த மஞ்சளை அடக்க நீலத்தைக் கூட்டிப்போட்டுது. செவப்புல நீலம் விழுந்தா என்னாகும்?"

"கத்தரிப்பூ" என்றார் சென்னியப்பன், யோசிக்காமலே.

யோசிக்கத் தேவையில்லை. முப்பத்தோரு வருடம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் விரற்கடைத் துணியைப் பார்த்து, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். சிவப்பில் மட்டும் பதினேழு சிவப்பு தெரியும் அவருக்கு. அதெல்லாம் நான்கு வருடத்துக்கு முன் முடிந்துபோனது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

"அப்ப என்ற பையன் மூஞ்சி மட்டும் ஏன் கத்தரிப்பூ ஆகலை?"

"மூஞ்சி கலரைத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க. முன்னால எத்தனை கல்யாணம் நின்னுபோச்சு! தலைமுடி மூஞ்சியில சேருமா சேராதான்னு மட்டும் கேஸ் இன்னும் நடந்துட்டிருக்குது. வண்டிக்குத்தான் கேக்க நாதியில்லை. அதுலயும் பாருங்க, அந்தப் படத்துல என்ற முத்திரை இருக்குது. முத்திரை வெச்ச படம் ஒண்ணு, சும்மா எடுத்த படம் பத்தாயிரத்துக்குச் சமம். அது கத்தரிப்பூன்னு சொன்னதும், மத்ததெல்லாம் ஆமா சாமி போட்டுருச்சு."

"செரி, நீயே திருத்தி ஒரு முத்திரையை வெச்சுரு. முடிஞ்சுது."

கோகிலா திரையில் காரைச் சுற்றி ஒரு கோடு வரைந்தாள். நிறப்பட்டையைச் சிவப்புக்கு இழுத்தாள். கார் சமர்த்தாகச் சிவந்தது. முத்திரையை வைத்தாள். உடனே ஓர் அறிவிப்பு வந்தது. இந்த வண்டியின் நிறம் ஏற்கெனவே இருமுறை திருத்தப்பட்டுள்ளது. மூன்றாம் திருத்தத்துக்குச் சாட்சியகத்தை அணுகவும்.

"இருமுறையா?" என்றார் சென்னியப்பன். "மஞ்சள்னால ஒருக்கா. இன்னொருக்கா எப்ப?"

கோகிலாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தாள். மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

"மெஷினுக்கு எண்ணத் தெரியலீங்க்ணா."

தன் வண்டியையே தெரியாத மெஷினுக்கு எண்ண மட்டும் எப்படித் தெரியும் என்று சென்னியப்பனும் அதை விட்டுவிட்டார்.

ஊர்சாட்சியின் அலுவலகமான சாட்சியகத்தில் ஓர் இளம்பெண் அதிகாரியாக இருந்தாள். மரியாதைக்குக் குறைவில்லை, நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். வண்டியை ஒரு லாரியில் ஏற்றி வாசலுக்கே கொண்டுவந்திருந்தார் சென்னியப்பன்.

"ஏம்மா, சன்னல்ல எட்டிப் பாரு. செவப்பா இல்லியா?"

"பாக்கக்கூடாதுங் சார். நாங்க வண்டியைப் பாத்துச் சொன்னா, நாளைக்கு ஆளுக்கொரு கலர் சொல்லுவாங்க. படத்தை மட்டுந்தான் பாக்கோணும்னு விதி."

"படம்பூரா கத்தரிப்பூவா இருக்குதே!"

"அப்பக் கத்தரிப்பூதானுங் சார்."

"என்ற கண்ணு என்ன புளியங்கொட்டையா?"

அவள் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டாள். அதுதான் அவரை இன்னும் நோகடித்தது.

"ஒரு வழி இருக்குதுங் சார். பழைய படம் எதுலயாவது ஊர்சாட்சி திருத்தாம விட்ட எடம் இருக்கோணும். வண்டியைத் திருத்தும், ஆனா வண்டியோட நெழல், கண்ணாடியில விழுந்த பிம்பம், இதையெல்லாம் சில சமயம் கவனிக்காம விட்டுரும். அப்படி ஒரு பிம்பம் கொண்டாங்க. அந்தக் கலர் நெசமான்னு உங்க வாயால சரியான ஷேடைச் சொல்லோணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா, ஊரே எதுத்தாலும் அதுதான் உண்மை."

"ஷேடு நான் சொல்லோணுமா?"

அவர் குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று இப்போது சொல்லலாம்.

நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்துகொண்டு, தங்கை வீட்டில் ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பிக் கண்ணாடியைக் கழற்றியபோது, வாசலில் கார் சிவப்பாக நின்றது. அவர் நினைவில் அது பச்சை. மனைவியைக் கேட்டார். "எப்பவும் செவப்புதானுங்களே" என்றாள். படங்களைப் பார்த்தார், எல்லாவற்றிலும் சிவப்பு. எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் பச்சை என்று ஏதோ இழுத்தார், தன் போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் நிறமெல்லாம் வேறு மாதிரி தெரியும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

சிவப்பைப் பச்சையாகப் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஷேடு பார்த்தேனோ என்று அவருக்கு உடம்பே கூசிவிட்டது. மறுநாளே முதலாளியிடம் போய், "என்ற கண்ணு பொய்யிங்க" என்று சொல்லி வேலையை விட்டார். அதன்பிறகு ஒரு சட்டைகூடத் தானாக எடுத்ததில்லை. மகனின் நிச்சயப் புடவையைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டபோதும், "நீங்களே பாருங்க, எனக்கெதுக்கு" என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, வரவேற்பறைச் சுவரில் இருந்த டிஜிட்டல் படச்சட்டத்தின் முன் நின்றார். வண்டி வாங்கிய அன்று எடுத்த படம் அதில் ஓடியது. வண்டிக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் மகுடேஸ்வரி பூஜைத் தட்டோடு. தட்டில் ஓர் எவர்சில்வர் சொம்பு. புதுச் சொம்பு, துலக்கி வைத்தது. அதன் வயிற்றில் சின்னதாக ஏதோ ஒரு நிறம் வளைந்து கிடந்தது.

"மகுடு! ஆப்ட்டுது! சொம்பு! சொம்புல வண்டி தெரியுது!"

சமையற்கட்டிலிருந்து வந்த மகுடேஸ்வரி, படத்தைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், வெளிறிப்போனாள்.

"சொம்பைப் பாத்து என்னங்க பண்ணப் போறீங்க? விடுங்க. வண்டிக்குக் கத்தரிப்பூ பெயிண்டே அடிச்சுரலாம். அழகாத்தான் இருக்கும்."

"என்ன பேச்சு பேசற? என்ற கண்ணுக்கு ஒரு சாட்சி ஆப்ட்டிருக்குது!"

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். சொம்பு சுவரளவுக்கு வந்தது. அதில் தெரிந்தது சிவப்பு இல்லை. கத்தரிப்பூவும் இல்லை.

பச்சை.

சென்னியப்பன் துண்டால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மகுடேஸ்வரி நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தானுங்க" என்றாள். "நீங்க கோயமுத்தூர்ல இருந்தப்ப, வண்டி ஓட்டிப் பழகலாம்னு எடுத்தனுங்க. வண்டியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. மில்லு கேட்டுல வுட்டு ஒரு பக்கம் பூரா கிழிஞ்சுபோச்சு. ஒர்க்‌ஷாப்புல பச்சை இல்லீன்னுட்டாங்க, செவப்புதான் இருக்குதுன்னாங்க. அதையே வண்டி பூரா அடிக்கச் சொல்லிட்டனுங்க. கோகிலாகிட்டப் போய் அழுதேன். பாவம், அவதான் படத்தையெல்லாம் செவப்பா மாத்திக் குடுத்தா."

"அதுதான் மொதல் திருத்தமா?" என்றார் அவர். அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"வந்ததும் திட்டுவீங்க, திட்டி முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தனுங்க. நீங்க திட்டலை. உங்க கண்ணையே சந்தேகப்பட்டுட்டீங்க. வேலையை வுட்டுட்டு வந்து நின்னீங்க பாருங்க, அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துது. சொல்லியிருந்தா இத்தனை இல்லை. சொல்லலையே நான்."

அவள் அழுதாள். நியாயமாகப் பார்த்தால் அவர் கத்தியிருக்க வேண்டும். நான்கு வருடம், ஒரு வேலை, ஒரு மனிதனின் கண். கோபம் வரத்தான் செய்தது, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டது.

"அப்ப வண்டி பச்சைதான்."

"ஆமாங்."

"நான் பாத்தது சரி."

"சரிதானுங்க."

"என்ற கண்ணு எப்பவும் சரி!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து நிச்சயப் புடவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அரக்குன்னு சொல்லியா குடுத்தான்? இதுல பழுப்பு ஏறியிருக்குது. பொண்ணுக்கு எடுபடாது. மொதல்ல இதை மாத்தோணும்" என்றார். கோபத்தைப் பிறகு தனியாக வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார். பின்னாளில் அதை அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்தினார் என்பது வேறு விஷயம்.

சாட்சியகத்தில் அந்த அதிகாரி தொள்ளாயிரம் பச்சைகள் இருந்த பட்டையை அவர் முன் விரித்தாள். சொம்பின் வளைவையும் அன்றைய வெயிலையும் கழித்து, மெஷின் ஓர் எண்ணைக் கணக்கிட்டு மூடி வைத்திருந்தது. சென்னியப்பன் பட்டையில் கையை ஓட்டினார். அவசரப்படவில்லை.

"வெத்தலைப் பச்சை. ஆனா கொழுந்து வெத்தலை இல்ல, முத்துன வெத்தலை. அதுல ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தா எப்படி இருக்குமோ, அது." ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்தார்.

அதிகாரி எண்ணைத் திறந்தாள். அதே எண்.

"சார்," என்றாள் மெதுவாக, "இதுவரைக்கும் யாருமே மொதல்தடவையில சொன்னதில்லீங்."

"நான் டையிங் மாஸ்டரும்மா" என்றார். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது.

ஊர்சாட்சி தலைகுப்புறக் கவிழ்ந்தது. உலகத்தில் இருந்த அத்தனை படங்களிலும் வண்டி பச்சையானது. முக்கோணம் மறைந்தது. இப்போது பச்சையாக இல்லாதது வண்டி ஒன்றுதான். லாரியிலேயே அதை ஸ்டிக்கர் கடைக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று, நான்கு சுருளை வேண்டாம் என்று தள்ளி, ஐந்தாவதை ஒட்டச் சொன்னார். மாலை ஐந்து மணிக்கு வண்டி தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டது. "வணக்கம். நல்வரவு" என்றது. சென்னியப்பன் கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினார். அதனிடம் அவருக்கு இன்னும் வருத்தம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மண்டபத்தில் போய் இறங்கினார்கள். அர்த்தநாரி தலையில் பட்டு உருமால் கட்டி வாசலுக்கே வந்தார். கையில் இருந்த போனில் மாப்பிள்ளைப் படம். படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பச்சைங்களா! நேத்து வேற என்னமோ தெரிஞ்சுதுங்களே சம்பந்தி?"

"மஞ்சள் கொஞ்சம் ஓவராப் போச்சுங்க சம்பந்தி" என்றார் சென்னியப்பன். மகுடேஸ்வரி வேறுபக்கம் பார்த்தாள்.

உப்புச் சர்க்கரை மாற்றி, தட்டு மாற்றி, எல்லாம் நல்லபடி முடிந்தது. மணப்பெண் சஹானாவுக்குப் புதுப் புடவை அப்படிப் பொருந்தியது. அவளே வந்து, "யாருங்க மாமா எடுத்தது?" என்று கேட்டாள். சென்னியப்பன் கூரையைப் பார்த்தார், ஆனால் காது மட்டும் சிவந்துபோனது. பிறகு கோகிலா காமிராவோடு வந்து இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிற்கவைத்தாள். முன்வரிசையில் அர்த்தநாரி உருமாலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். படத்தில் எப்படியும் தலை நிறையக் கறுகறுவென்று முடி இருக்கும், அவர் படங்களில் எப்போதும் இருக்கும்.

"ஒரு நிமிசம்" என்றார் சென்னியப்பன்.

சீர்த்தட்டிலிருந்து எவர்சில்வர் சொம்பை எடுத்தார். துண்டின் முனையால் பளபளக்கத் துடைத்து, எல்லோருக்கும் முன்னால் நட்டநடுவில் வைத்தார்.

"எதுக்குங்க சம்பந்தி இது?"

"இருக்கட்டுங்க. ஒரு சாட்சிக்கு."

அர்த்தநாரி குனிந்து சொம்பைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை, துலக்கிய சொம்பைவிடப் பளபளப்பாக, அவரைப் பார்த்தது.

அவர் மெல்ல உருமாலை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, வரிசையில் பழையபடி நின்றார்.